அம்மாவின் வயது மூவாயிரம்

உயிரோடு இருந்தவரை மெத்தைக்காரனின் அம்மாவை எந்தப் படித்தவனும் தொட்டுப் பார்த்ததில்லை. செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் போன பிறகுதான் அவளுக்கு அந்த யோகம் அடித்தது.

இருமி இருமியே போனவள் அவள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி, ‘சத்துக் குறைவு’ என்று சீட்டு எழுதினார். சளியைச் சோதித்தால் என்ன என்று மெத்தைக்காரன் கேட்டான். சோதிக்கிற மருந்து தீர்ந்துபோச்சு, அடுத்த மாசம் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். அடுத்த மாசம் மருந்து வந்தது. அம்மா வரவில்லை.

ஊர்க்கோடி இடுகாட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவளை வைத்தான். அப்பாவின் தலைமாட்டில் ஏற்கனவே ஒரு கல் இருந்தது. இரண்டு பேருக்கும் அதுவே போதும், புருஷன் பெண்டாட்டிக்கு ஆளுக்கொரு கல் எதற்கு என்று விட்டுவிட்டான். அதன் பிறகு தன் பிழைப்பைப் பார்த்தான். பஞ்சு அடிப்பது, மெத்தை தைப்பது, தலையணை அடைப்பது. பஞ்சுத் தூசியில் நாள் முழுக்கக் கிடப்பவனுக்கு இருமல் வரத்தான் செய்யும். அவனுக்கும் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை, அவனே கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்ததும், முள்ளைக் கிள்ளிப் போட்டுவிட்டு வரலாம் என்று இடுகாட்டுக்குப் போனான். போனால் சுற்றுச்சுவர் விழுந்து கிடக்கிறது. அம்மா இருந்த இடத்தில் கத்தியால் வெட்டினாற்போலச் சதுரமாக ஒரு குழி. சுற்றிலும் முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள். அப்பாவின் கல்லுக்கு வெள்ளையடித்து நடுவில் சிவப்பாக ஒரு பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள். குழிக்குள் அம்மா இல்லை.

நூலுக்கு வெளியே நாற்காலி போட்டு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், உள்ள காலை வெக்காத. தோண்டுற எடம்."

"இங்க எங்கம்மா இருந்தாங்க."

"இங்க இருந்தது மூவாயிரம் வருஷத்து ஆளு. போர்டு பாக்கலையா?"

"எங்கம்மா செத்தே பன்னெண்டு வருஷம்கூட ஆகலையேண்ணே."

காவல்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் தோண்டுறவங்க ஆய்வு நெலையத்துல போய்ச் சொல்லு. நான் நாற்காலிக்குத்தான் காவல்."

நடந்தது இதுதான். இடுகாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மண்மேடு. அதைத் தோண்டத் தொல்பிணி ஆய்வு நிலையம் என்ற ஒன்று வந்து இறங்கியது. பழங்காலத்துச் செத்தவர்களுக்கு என்னென்ன வியாதி இருந்தது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. வரைபடத்தில் ஒரு அளவுக்கல் இருந்தது; அதிலிருந்து இத்தனை அடி கிழக்கே போய்த் தோண்டு என்று இருந்தது. அசல் அளவுக்கல்லின் மேல் எப்போதோ ஒரு வெல்டிங் பட்டறை ஏறி உட்கார்ந்துவிட்டது. வந்தவர்கள் தேடினார்கள். சுவர் விழுந்த இடத்தில் எழுத்தெல்லாம் மழையில் அழிந்துபோன ஒரு கல் நேராக நின்றது. நேராக நிற்கிற கல் சர்க்கார் கல்லாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அதில் டேப்பின் நுனியைப் பிடித்தார்கள். அப்பா பூஜ்ஜியம் ஆனார். அம்மா கிழக்கே போன முதல் குழி ஆனாள்.

கை வைத்த இடத்திலேயே, தலை முதல் கால்வரை ஒரு துண்டு குறையாமல், மூவாயிரம் வருஷத்து மனுஷி கிடைத்தாள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதிர்ஷ்டத்தைச் சந்தேகப்படுகிற பழக்கம் அந்த ஆபீசில் கிடையாது.

மெத்தைக்காரன் நிலையத்துக்குப் போனான். செருப்பை ஒரு வாசலில் கழற்றச் சொன்னார்கள், சட்டைப் பொத்தானை இன்னொரு வாசலில் போடச் சொன்னார்கள். வாயை மூட ஒரு துணி, தலையை மூட ஒரு பை, கைக்கு உறை. எதற்கென்று கேட்டான்.

"உங்க மூச்சு அவங்க மேல படக்கூடாது" என்றார்கள்.

அம்மாவின் மூச்சு தங்கள் மேல் படக்கூடாது என்று ஊரே விலகி நின்ற காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. எப்படியோ, காலம் திரும்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள். குளிர்ந்த அறை, நிழல் விழாத விளக்கு, ஈரத்தை அளக்க ஒரு பெட்டி, காற்றை வடிகட்ட ஒரு பெட்டி. கீழே நுரை மெத்தை. ஓரம் சரியாகத் தைக்கவில்லை என்பதைத்தான் அவன் முதலில் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. இடது முன்கையில் எஃகுத் தகடும் நாலு திருகாணியும் அப்படியே இருந்தன. மில் படிக்கட்டில் விழுந்து கை முறிந்தபோது இலவச முகாமில் வைத்தது.

எலும்பில் துளை போடுகிற வேலை ஒரு பெண் ஆய்வாளருடையது. நிலையத்தில் எல்லாரும் அவரைத் துளை மேடம் என்றுதான் சொன்னார்கள். அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது எங்கம்மா."

"ரொம்ப அழகா சொன்னீங்க. வர்றவங்க நெறைய பேருக்கு அப்படித் தோணுது. தாய்மையோட தொன்மை அது."

"தோணுறது இல்ல மேடம். பெத்த அம்மா. கையில தகடு பாருங்க. நான்தான் கூட இருந்து வெச்சேன்."

துளை மேடம் இரக்கத்தோடு சிரித்தார். "அந்தத் தகடு என்னன்னு தெரிஞ்சுக்க ஒரு பிரிவே ராத்திரி பகலா ஒழைக்குது. நீங்க பாத்த உடனே சொல்லிட்டீங்க."

உண்மைதான். தகட்டுக்கென்று ஒரு உலோகப் பிரிவு திறந்திருந்தார்கள். மூவாயிரம் வருஷம் மண்ணில் கிடந்தும் துருப்பிடிக்காத எஃகு செய்யும் வித்தை பழங்காலத்தில் இருந்தது, இடையில் மறந்துபோயிற்று என்று அந்தப் பிரிவு கண்டுபிடித்தது. திருகாணித் தலையில் இருந்த கூட்டல் குறி நாலு திசையையும் கும்பிட்டதற்கு அடையாளம் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். தகட்டின் ஓரத்தில் கம்பெனிக்காரன் பொறித்திருந்த நம்பரை இன்னும் படிக்கப்படாத எழுத்து என்று எழுத்துப் பிரிவு வாங்கிக்கொண்டது. அது எண்களைப் போலத் தெரிவது தற்செயல் என்று அடியில் ஒரு வரியும் போட்டார்கள்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் கிரீடம் வேறிடத்தில் இருந்தது. அம்மாவின் பல்லிலும் விலாவிலும் துளை போட்டு எடுத்த பொடியில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்துவிட்டது. அதுவும் எப்படி? உலகத்தில் வேறு எங்கே பழைய எலும்பைத் தோண்டினாலும் அது தூள் தூளாகத்தான் கிடைக்குமாம், ஒட்டவைத்து ஒட்டவைத்துப் படிக்க வேண்டுமாம். இங்கே மட்டும் நேற்றுப் போட்ட கோலம்போல முழுசாக இருந்தது. "ஒடையவே இல்ல" என்று துளை மேடம் சொல்லும்போது அவர் குரலே உடைந்தது.

மெத்தைக்காரனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒன்றுதான் ஏறியது. பொடி.

"பொடின்னா?"

"அரைச்சாத்தான் எடுக்க முடியும். மாவு மாதிரி."

"அரைச்சப்புறம்?"

"முடிஞ்சுது. அந்தத் துண்டு திரும்ப வராது."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனான். போகிறபோதெல்லாம் அம்மா கொஞ்சம் குறைந்திருந்தாள். ஒரு தடவை விலா, ஒரு தடவை சுண்டுவிரல், ஒரு தடவை பின்பல் வரிசை. அம்மாவைத் திருப்பிக் கேட்டு இவன் கொடுத்த மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் அவள் ஒரு முட்டி அளவுக்குக் குறைந்தாள். அரைக்கிற இயந்திரத்துக்கு மட்டும் அந்தக் கட்டடத்தில் விடுமுறை கிடையாது.

கடைசியில் இயக்குநரையே பார்க்க விட்டார்கள். நல்ல மனுஷர், உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்று சொல்லுவார்.

"நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம்" என்றார். "அப்ப உங்கம்மாவுக்கு டி.பி. இருந்திருக்கணும். இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. இருமியே செத்தாங்க."

"இருமலை விடுங்க. ஆஸ்பத்திரில என்ன எழுதினாங்க?"

"சத்துக் கொறைவுன்னு."

இயக்குநர் கையை விரித்தார். "பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. உங்கம்மாவுக்கு டி.பி. இல்ல. இவங்களுக்கு இருக்கு. அப்ப இவங்க உங்கம்மா இல்ல. அறிவியல்னா இதான்யா. இதுல உணர்ச்சிக்கு எடமில்ல."

"அப்ப சோதிக்கவே இல்லைங்களே."

"சோதிக்காததுக்கு நாங்க பொறுப்பில்ல. நாங்க செத்தவங்கள மட்டும்தான் சோதிப்போம். எங்க சட்டத்துலயே இருக்கு."

வீட்டுக்கு வந்து பஞ்சு மூட்டைமேல் சாய்ந்தான். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய தம்பி, வேன் ஓட்டுகிறவன், வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, அத்தை எப்படி இருக்காங்க? எளைச்சிருக்காங்களா?"

"வாயைக் கழுவுடா" என்றாள் அக்கா.

"நான் என்னக்கா தப்பா கேட்டேன்? வாரா வாரம் மனுஷன் போய்ப் பாத்துட்டு வர்றாரு. நாம உசிரோட இருக்கோம், நம்மள எவன் வந்து பாக்குறான்?"

"இவருக்கும் இருமல் நின்னபாடில்ல. வத்திப்போய்க் கெடக்காரு. ஒரு எட்டு டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்குறாரா?"

"பஞ்சுடி" என்றான் மெத்தைக்காரன்.

"எல்லாத்துக்கும் ஒரு பஞ்சு."

மச்சினன் யோசித்தான். "மாமா, அவங்கதான் டி.என்.ஏ., டி.என்.ஏ.ன்னு குதிக்கிறாங்களே. உன்னுதையும் பாக்கச் சொல்லு. அம்மாவும் புள்ளையும்னு மிஷினே சொல்லிட்டா என்ன பண்ணுவாங்க? மிஷினை அரைப்பாங்களா?"

மெத்தைக்காரன் போய்க் கேட்டான். மறுப்பார்கள் என்று நினைத்தான். அவர்கள் குதூகலமாகிவிட்டார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் தானாக வந்து கையை நீட்டுவது நிலையத்தில் அதுவே முதல் தடவை. ரத்தம் எடுத்தார்கள், கன்னத்துக்குள் பஞ்சால் வழித்தார்கள். இருமினான், வந்ததையும் ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றையும் வீணாக்குகிற ஆட்கள் இல்லை.

முடிவு வந்ததும் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, பொருந்திருச்சு. அச்சு அசல் பொருந்திருச்சு."

மெத்தைக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப கொடுத்துடுவீங்களா சார்?"

"எதை?"

"அம்மாவை."

"நீங்க புரிஞ்சுக்கல. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இன்னொரு தலைமுறைகூடக் காட்டல. அதாவது மூவாயிரம் வருஷமா உங்க பரம்பரை ஒரு துளி மாறாம அப்படியே நின்னிருக்கு. உலகத்துல எங்கயும் இல்லாத அதிசயம்."

"நடுவுல ஒரு தலைமுறைகூட இல்லேன்னா அதுக்குப் பேரு அம்மா புள்ளைங்க சார்."

"அதேதான். நீங்க பாமர பாஷையில சொல்றீங்க, நாங்க அறிவியல் பாஷையில சொல்றோம். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தத்தான் சொல்றோம்." முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்படியாக மெத்தைக்காரன் ‘வாழும் சான்று’ ஆனான். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் முதலில் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு இவனைப் பார்த்தார்கள், மறுபடி அம்மாவைப் பார்த்துவிட்டு "தாடை அப்படியே இருக்கு" என்றார்கள். இருக்காதா பின்னே. இயக்குநர் வருகிற பெரிய மனுஷர்களோடு சேர்ந்து நிற்கும்போதெல்லாம் இவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார்.

"எதுக்கு இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டீங்க? குரங்கு மாதிரி ஒக்காந்துட்டு" என்று மனைவி கேட்டாள்.

"ஒக்காந்தா அரைக்கிறப்ப பாத்துக்கலாம்ல."

பார்க்கத்தான் முடிந்தது. தடுக்க முடியவில்லை. கண்டுபிடிப்பை வெளியிடுகிற விழா முடியட்டும், விழா முடியட்டும் என்றே இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். மாசங்கள் போயின. விழாவுக்கு முந்தின நாள் நாற்காலிக் காவல்காரர் இவனை ஓரமாகக் கூப்பிட்டார். இதற்குள் அவர் நிலைய வாசலுக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

"ஏம்ப்பா, நெசமாவே அது உங்கம்மாவா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாத. விழா முடிஞ்சதும் மிச்சத்த வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. அங்க பெரிய மிஷின் இருக்காம். ஒரே நாள்ல முழுசா அரைச்சிடுமாம்."

"முழுசாவா?"

"ஆமா. நாளைக்கு வர்ற பெரிய ஆளுங்களுக்கு ஆளுக்கொரு சின்னக் குப்பி நெனைவுப் பரிசாம். பெட்டிக்கு வெல்வெட் ஒட்டிட்டிருக்காங்க."

"குப்பியில என்ன?"

காவல்காரர் கேட்டைச் சாத்தப் போய்விட்டார்.

மெத்தைக்காரன் அன்று வேலைக்குப் போகவில்லை. மச்சினனிடம் போய், நாளைக்கு வேனை நிலைய வாசலில் நிறுத்தி வை என்றான். என்ன செய்யப்போகிறாய் என்று அவன் கேட்டான். தெரியாது, ஆனால் வெறுங்கையோடு திரும்பமாட்டேன், நாலு பேர் மண்டை உடைந்தாலும் சரி என்றான். மெத்தை தைக்கிறவன் இதுவரை யார் மண்டையையும் உடைத்ததில்லை. பஞ்சு அடிக்கிற கழியை எடுத்துப் பார்த்தான். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று வைத்துவிட்டான்.

விழா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மிச்சமிருந்த அம்மா. பக்கத்தில் வாழும் சான்று. அவனுக்கு அந்தப் பக்கம் அமைச்சர், இந்தப் பக்கம் இயக்குநர். கீழே முன்வரிசை முழுக்கக் கோட்டுப் போட்டவர்கள், மடியில் ஆளுக்கொரு வெல்வெட் பெட்டி. மெத்தைக்காரன் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எந்தப் பெட்டியில் அம்மாவின் சுண்டுவிரல் இருக்கிறதோ.

இயக்குநர் எழுந்தார். மைக் முன்னால் போனதும் அவர் தமிழ் விறைத்துக்கொண்டது.

"அவையோரே, ஒரு சமூகம் தன் மூதாதையரின் நோயை அறிந்துகொள்ளும்போதுதான் நாகரிகம் அடைகிறது. இந்தத் தாய் நோயுற்றபோது அவரைக் கவனிக்க யாரும் இல்லை. ஏனென்றால் அன்று நம் நிலையம் இல்லை. இன்று அவரது ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார்."

கைதட்டல்.

"இதோ திரையைப் பாருங்கள். இடப்பக்கம் இருப்பது இந்தத் தாயின் பல்லில் கிடைத்த காசநோய்க் கிருமியின் மரபணு. மூவாயிரம் ஆண்டு பழமை. வலப்பக்கம் இருப்பது நம் வாழும் சான்றின் நெஞ்சுச் சளியில் கிடைத்த கிருமியின் மரபணு. இரண்டும் ஒன்றே. ஒரு புள்ளி வித்தியாசமில்லை. அதாவது அந்தத் தொன்மையான கிருமி அழியவில்லை. இதோ, நம் நடுவே, இவர் நெஞ்சில், இந்த நிமிடம் உயிரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது."

கைதட்டல் பலமாக எழுந்தது. அப்புறம் ஒவ்வொரு கையாக நின்றது. நின்ற கைகள் மடியில் இருந்த பெட்டியைத் தொட யோசித்தன.

அமைச்சர் இயக்குநர் பக்கம் தலையை நீட்டினார். "உயிரோடன்னா எப்படி?"

"நல்ல வீரியத்தோடங்க ஐயா."

அமைச்சர் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார்.

மெத்தைக்காரனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. திரையைப் பார்த்தான், தன் நெஞ்சைப் பார்த்தான். மனைவி, பிள்ளைகள், ஒரே பாயில் படுத்துக்கொள்கிற வீடு, எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"சார், எனக்கு டி.பி.யா?"

"அது மட்டும் இல்ல ஐயா. உலகத்துலயே தொன்மையான டி.பி."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மாதிரி எடுத்த வாரமே தெரிஞ்சுபோச்சு. நாலஞ்சு மாசம் இருக்கும்." இயக்குநர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "ஆனா வெளியிடுற வரைக்கும் ரகசியம் காக்கணும். அது ஆய்வு ஒழுக்கம்."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டதான் முக்கியமா. தெரிஞ்சா நீங்க மாத்திரை சாப்பிட்டிருப்பீங்க. கிருமி செத்திருக்கும். மூவாயிரம் வருஷம் தாக்குப்பிடிச்சது உங்க அவசரத்தால போயிருக்கும்ல?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. அதில் தப்பாக ஏதும் இருப்பதாக இயக்குநரின் முகத்தில் ஒரு குறியும் இல்லை.

மெத்தைக்காரன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை, இருமல் வந்தது. அது வழக்கமாக வருகிற இருமல்தான். ஆனால் மைக்கில் பட்டு மண்டபத்தின் நாலு மூலைக்கும் போய்த் திரும்பியது. முன்வரிசை மொத்தமாகப் பின்னால் சாய்ந்தது. அமைச்சரின் மெய்க்காவலர் ஒரு எட்டு முன்னால் வந்தார், ரெண்டு எட்டுப் பின்னால் போனார்.

மெத்தைக்காரன் அதைக் கவனித்தான். வாழ்நாளில் அவன் வாயைத் திறந்து இத்தனை பேர் அசைந்து அவன் பார்த்ததில்லை. இரண்டாவது இருமல் தானாக வரவில்லை. அவனே அடியிலிருந்து கொண்டுவந்தான். மூன்றாவதை அமைச்சர் பக்கம் திரும்பி இருமினான். அமைச்சர் மேடைப் படியில் இறங்கவில்லை, குதித்தார். நாலாவது இருமலை முன்வரிசைக்கு நிதானமாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும், பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒருவர் விடாமல் போட்டான். கோட்டுப் போட்டவர்கள் நாற்காலி மேல் ஏறி ஓடினார்கள். வெல்வெட் பெட்டிகள் தரையில் உருண்டன. துளை மேடம் கதவில் சிக்கிய புடவையை அங்கேயே கிழித்துக்கொண்டு போனார்.

இயக்குநர் மட்டும் மாட்டிக்கொண்டார். மைக் வயர் காலைச் சுற்றிவிட்டது. மெத்தைக்காரன் அவர் தோளில் கை போட்டான். படம் எடுத்துக்கொள்ளும்போது அவர் போடுவாரே, அதே அணைப்பு.

"கொஞ்சம்... கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா."

"ஏன் சார், ஒரே தட்டுல பிஸ்கட் சாப்பிட்டோமே."

"தெரியும்... ஒவ்வொரு தடவையும் தனியா வாய் கொப்பளிச்சுக்குவேன்..."

மெத்தைக்காரன் அவர் முகத்துக்கு நேராக, காதோரம் இருந்த நரைமுடி ஆடுகிற அளவுக்கு இருமினான். அம்மாவின் சுண்டுவிரலுக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று, பல்வரிசைக்கு ஒன்று. அப்புறம் விட்டான். இயக்குநர் வயரோடும் மைக்கோடும் ஓடிப்போய், எலும்பு வைக்கிற சுத்த அறைக்குள் புகுந்து, முழு உறையையும் மாட்டிக்கொண்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அங்கேதான் காற்றை வடிகட்டித் தருகிறார்களே.

மண்டபத்தில் யாரும் இல்லை. மெத்தைக்காரன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். மேடைத் திரையை இழுத்து அறுத்து விரித்து, அம்மாவை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கனமே இல்லை. பிறகு மண்டியிட்டு நாற்காலிக்கு அடியிலெல்லாம் தேடி, உருண்டு கிடந்த குப்பிகளைப் பொறுக்கினான். ஒன்றைக்கூட விடவில்லை. வாசலில் காவல்காரர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு கதவையும் திறந்து பிடித்தார்.

"போப்பா. கூட்டிட்டுப் போ."

மறுநாள் காலையிலேயே அப்பாவுக்குப் பக்கத்தில் அதே குழியில் அவளை வைத்தார்கள். மச்சினன் மண்ணைத் தள்ளினான். மனைவி ஒவ்வொரு குப்பியாகத் திறந்து கொட்டினாள். கடைசிக் குப்பியைத் தட்டித் தட்டிக் கொட்டினாள். இடது கைத் தகடு மட்டும் இல்லை. அது உலோகப் பிரிவில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், அது அவளோடு கூடப் பிறந்ததா என்ன. மெத்தைக்காரன் அப்பாவின் கல்லில் இருந்த வெள்ளையைச் சுரண்டிவிட்டான்.

நிலையம் அவன்மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் எலும்பு யாருடையது என்ற பேச்சு வரும். அதற்குப் பதிலாக, மண்ணுக்குத் திரும்பிய எலும்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க அதை வேண்டுமென்றே திரும்பப் புதைத்திருப்பதாகவும், முடிவு தெரிய இன்னொரு மூவாயிரம் வருஷம் ஆகும் என்றும் பேப்பரில் போட்டது. அதுவரைக்கும் எல்லாருக்கும் சம்பளம் நடக்கும்.

அந்த வாரமே காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். மாத்திரை கொடுத்தார், ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் மெத்தைக்காரன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"வீட்டு ஆளுங்க தவிர, வேற யாரோடெல்லாம் ரொம்ப நெருங்கிப் பழகினீங்க? பக்கத்துல ஒக்காந்தவங்க, கூடச் சாப்பிட்டவங்க. மறைக்காம சொல்லணும். எல்லாரையும் கூப்பிட்டுச் சோதிக்கணும், வராட்டி ஆள் விட்டு அழைச்சிட்டு வருவோம்."

"ஆள் விட்டா?"

"சட்டம் இருக்குங்க."

மெத்தைக்காரன் மனைவியிடம் தண்ணீர் கேட்டான். குடித்தான். துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

"சொல்றேன் சிஸ்டர், எழுதிக்குங்க. மொதல்ல இயக்குநர்." அவர் முடிந்து துளை மேடம், உலோகப் பிரிவு, எழுத்துப் பிரிவு, மனு வாங்கின மேசை, மனுவை அடுத்த மேசைக்குத் தள்ளின மேசை, அமைச்சர், முன்வரிசை என்று ஆற அமரச் சொல்லிக்கொண்டே போனான். இவன் முகத்தையே பார்க்காமல் பைல் பார்த்தவர்களையும் சேர்த்துக்கொண்டான். காவல்காரரை மட்டும் விட்டுவிட்டான்.

"இத்தனை பேருமா உங்களோட நெருங்கிப் பழகினாங்க?" நர்சுக்கு எழுதிக் கை வலித்தது.

"உசிருக்கு உசிரா இருந்தாங்க சிஸ்டர்."

மாத்திரை வாங்கப் போன அன்று காசநோய் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அவர்கள் எல்லாரையும் பார்த்தான். வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவோடு. வேப்பமரத்தடியில் இயக்குநர் நின்றார். டப்பாவை வாயருகே கொண்டுபோவதும், தொண்டையைக் கனைப்பதும், துப்புவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். நர்ஸ் வந்து டப்பாவை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இது வெறும் எச்சில். சளி வேணும். இதோட நாலு தடவை ஆச்சு."

"வர மாட்டேங்குதேம்மா. நான் யாரு தெரியுமா? நான் இந்தத் துறையிலயே..."

"யாரா இருந்தாலும் நெஞ்சுல இருந்துதான் சார் வரணும். பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. இன்னைக்கு வரலேன்னா நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க. வர்ற வரைக்கும் வாங்க."

இயக்குநர் மறுபடி குனிந்தார். மெத்தைக்காரன் எதிரே இருந்த கல்மேடையில் துண்டைப் போட்டு உட்கார்ந்தான். மனைவி மாத்திரைப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க போலாம், வேலை கெடக்கு" என்றாள்.

"இரு" என்றான் அவன். "அவருக்கு இன்னும் வரல."